எட்டாயிரம் அடி

"ஐயா, கடைசியா எப்ப ஊட்டிக்குப் போனீங்க?"

டாக்டர் இப்படிக் கேட்டதும், அப்பாவின் பதற்றத்தைக் குறைக்கப் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா விமானத்தில் போகலாமா என்று கேட்கத்தான் நாங்கள் போயிருந்தோம். டெல்லியில் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா பிரசவத்துக்கு முன்பே ரயிலில் போய்விட்டாள். அப்பாவால் இரண்டு நாள் ரயிலில் உட்கார முடியாது. கோவையில் ஒரு நூல் மில்லில் 28 வருடம் வேலை பார்த்தவர். முதலில் ப்ளோ ரூம், பிறகு கார்டிங். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற இடமும், பஞ்சைச் சீவுகிற இடமும். பாதி நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று அவரே சொல்வார்.

"ஆச்சுங்க நாலு வருசம். ஒரு கண்ணாலத்துக்குப் போனோம்" என்றார் அப்பா. "பஸ் ஸ்டாண்டுல இருந்து சேரிங் கிராஸ் போறதுக்குள்ள மூணு எடத்துல உக்காந்துட்டனுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பிளேனும் அதேதான் தம்பி. உள்ள இருக்கறது தரைல இருக்கற காத்து இல்ல. ஏழாயிரம், எட்டாயிரம் அடி ஒசரத்துக் காத்து. டெல்லிக்கு மூணு மணி நேரம் பறக்கறதும், ஊட்டில மூணு மணி நேரம் உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான்."

பத்து வருடமாக விமானத்தில் போய் வந்துகொண்டிருக்கிறேன். இன்ஜினியரிங் படித்தவன். கேபினுக்குள் அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அது தரையின் அழுத்தம் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் என்னை ஊட்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்ப இறக்கிவிட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. என் நுரையீரல் நன்றாக இருந்ததால் தெரியவில்லை.

அப்பாவின் ஆக்சிஜன் அளவு உட்கார்ந்திருக்கும்போது 93. மருத்துவமனை வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தபோது 90. "ஆக்சிஜன் ஏற்பாடு பண்ணிக்கிட்டா நல்லது. கட்டாயம்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். அப்பா உடனே, "பேரன மொத மொதப் பாக்கப் போறப்ப மூக்குல கொழாயோட போக மாட்டனுங்க" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். 85க்குக் கீழே போனால் விமானப் பணிப்பெண்ணிடம் சொல்ல வேண்டும், அவர்களிடம் சிலிண்டர் இருக்கும்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

*

மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்கிறோம். உண்மையில் அதன் விகிதம் குறைவதில்லை. 36,000 அடியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட அந்த உயரத்தில் இல்லை. ஆக்சிஜனை நுரையீரலின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம்தான். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஆழமாக மூச்சு இழுத்தாலும் பயனில்லை. 35,000 அடியில் திடீரென்று கேபின் அழுத்தம் போனால், ஒரு மனிதன் தெளிவாக யோசித்துச் செயல்பட ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் கிடைக்கும்.

அப்படியென்றால் ஏன் அவ்வளவு உயரம்? அங்கே காற்று மெலிந்திருப்பதால் விமானத்தின் மீது இழுவை குறைவு, எரிபொருள் மிச்சம். மழை மேகங்களும் பெரும்பாலும் கீழேயே நின்றுவிடும். இயந்திரத்துக்கு வசதியான அந்த உயரத்தில் மனிதன் பிழைக்க முடியாது. ஆகவே அவனுக்காக ஒரு குழாயைச் செய்து, அதற்குள் வேறொரு காற்றை அடைத்து எடுத்துப்போகிறார்கள்.

"அடைத்து" என்று சொன்னது தவறு. பலூனைப்போல் ஊதி மூடிவிடுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் குழாயும் தொட்டியும் கணக்குப் போட்டிருப்போமே, அதுதான் இது. இன்ஜினின் முன்பகுதியில் கம்ப்ரஸர்கள் வெளிக்காற்றை நெருக்கிக்கொண்டே இருக்கும். எரிபொருளோடு கலப்பதற்கு முன்பே அந்தக் காற்றில் ஒரு பங்கைக் குழாய் வழியாகப் பிரித்து எடுக்கிறார்கள். நெருக்கப்பட்டதால் கொதிக்கக் கொதிக்க வரும் அதைக் குளிரவைத்துக் கேபினுக்குள் விடுகிறார்கள். இது நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. விமானத்தின் வால்பக்கம் ஒரு வால்வு இருக்கிறது. அது எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறும். கொஞ்சம் மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், கொஞ்சம் திறந்தால் இறங்கும். வருகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு, போகிற துளையை மட்டும் ஒரு கன்ட்ரோலர் நொடிக்கு நொடி சரிசெய்கிறது. கேபினில் உள்ள காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடுகிறது.

விமானம் நிமிடத்துக்கு 2,000 அடி ஏறும்போது, கேபின் மட்டும் உள்ளே நிமிடத்துக்கு 300, 400 அடி என்று மெதுவாக ஏறும். வெளியே 36,000 அடி. உள்ளே 7,000, 8,000. இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதியே இருக்கிறது: வழக்கமான பயணத்தில் கேபினின் உயரம் 8,000 அடியைத் தாண்டக் கூடாது. 8,000 அடியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. தரையில் உட்கார்ந்து, 21க்குப் பதில் 15 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்றை இழுப்பதற்கு அது சமம்.

எனக்கு எழுந்த கேள்வி, இவ்வளவு செய்கிறவர்கள் ஏன் அந்த மீதிக் கால் பங்கையும் கொடுக்கக் கூடாது என்பதுதான். கம்ப்ரஸருக்கு அது பெரிய காரியமில்லை. முடியாதது விமானத்தின் உடலுக்கு.

உள்ளே 8,000 அடி, வெளியே 39,000 அடி என்றால், கேபின் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்ளிருந்து ஐந்தரை டன் எடை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே கடல் மட்டத்து அழுத்தத்தை வைத்தால் அது எட்டு டன்னுக்கு மேல் போகும். தாங்கலாம், ஆனால் சுவர் தடிக்க வேண்டும், எடை கூடும். ஒருமுறை தாங்கினால் போதாது என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒவ்வொரு பயணத்திலும் அந்த உலோக உடல் மயிரிழை அளவுக்கு உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. அலுமினியக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

விமானத் துறை இதைக் கற்றுக்கொண்டது 1954இல். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், அந்த ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இரண்டு, இத்தாலிக்கு அருகே கடலுக்கு மேல் நடுவானில் சிதறின. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் இன்னொரு காமெட்டை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீரை உள்ளே அழுத்தித் தளர்த்தி, மறுபடி அழுத்தித் தளர்த்தி, பயணங்களை நடித்துக் காட்ட வைத்தார்கள். தண்ணீர் என்றால் உடல் கிழியும்போது வெடிக்காது, எங்கே கிழிந்தது என்று பார்க்கலாம். அதற்கு முன் நிஜமாகப் பறந்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பயணங்களில் கிழிந்தது. திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய விரிசல். அதன்பிறகு உலோகத்தின் களைப்பைக் கணக்கில் வைக்காமல் யாரும் விமானம் வரைவதில்லை.

ஆக, 8,000 என்பது மனிதனுக்குச் சரியான உயரம் என்று தேர்ந்தெடுத்தது இல்லை. உலோகம் எவ்வளவு நாள் தாங்கும், எரிபொருள் எவ்வளவு ஆகும், ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு பொறுத்துக்கொள்வார் என்ற மூன்றுக்கும் நடுவே ஒத்துக்கொண்ட எண். 787 போன்ற புதிய விமானங்களின் உடல் கார்பன் இழையால் ஆனது, அலுமினியம்போல் எளிதில் களைப்பதில்லை. அதில் கேபினை 6,000 அடியிலேயே வைக்கிறார்கள். உடலின் பொருள் மாறியதும் நமக்கு 2,000 அடி காற்று கூடுதலாகக் கிடைத்தது. நாங்கள் டிக்கெட் போட்டிருந்தது அந்த விமானத்தில் இல்லை.

*

நான் பார்க்கும் வேலை எச்சரிக்கைகளோடு. சர்வரில் ஏதாவது கோளாறு வந்தால் யாருடைய போன் எப்போது அலற வேண்டும் என்று தீர்மானிக்கிற மென்பொருள். இரவு மூன்று மணிக்கு என் போனே அலறும். அதனாலோ என்னவோ, நான் படித்ததில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது இதுதான்: ஆக்சிஜன் குறைந்தால் உடல் அலறுவதில்லை. மூச்சுத் திணறல் என்று நாம் உணர்வது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேருவதால். ஆக்சிஜன் மெல்லக் குறைந்தால் திணறலே வராமல் போகலாம். சிலருக்கு மகிழ்ச்சி வரும்.

1875 ஏப்ரல் 15 அன்று, பாரிஸிலிருந்து மூன்று பேர் செனித் என்ற பலூனில் ஏறினார்கள். டிஸாந்தியே, க்ரோசே ஸ்பினெல்லி, சிவெல். 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். பைகளில் ஆக்சிஜன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றும்போது கை எழவில்லை. டிஸாந்தியே மட்டும் உயிரோடு இறங்கினார், காது கேட்காமல் போய். அந்த உயரத்தில் வலி ஏதும் இல்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் பரவியது என்று பிறகு எழுதினார்.

அதற்கு 130 வருடம் கழித்து, 2005 ஆகஸ்ட் 14. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது ஹீலியோஸ் 522. முந்தைய இரவு தரையில் அழுத்தச் சோதனை செய்தவர்கள், வால்வைக் கையால் இயக்கும் நிலையில் ஸ்விட்சை விட்டுவிட்டார்கள். காலையில் விமானிகளும் கவனிக்கவில்லை. வால்வு திறந்தே இருந்தது. விமானம் ஏற ஏறக் கேபினும் கூடவே ஏறியது. 12,000 அடியில் ஹார்ன் அடித்தது. அந்த வகை விமானத்தில் அதே ஹார்னுக்கு இரண்டு அர்த்தம். தரையில் அடித்தால், கிளம்புவதற்கு ஏதோ சரியாக அமைக்கப்படவில்லை. வானில் அடித்தால், கேபினில் அழுத்தம் இல்லை. விமானிகள் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கும்போதே அவர்களுடைய மூளைக்குக் காற்று குறைந்துகொண்டிருந்தது. தவறைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியே பழுதாகிக்கொண்டிருந்தது.

பயணிகளின் தலைக்கு மேல் முகமூடிகள் இறங்கின. அதில் 12 நிமிடத்துக்குத்தான் ஆக்சிஜன். ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸ்வரை கொண்டுபோய் வானத்தில் வட்டமடிக்க வைத்தது. பார்க்கப்போன கிரேக்கப் போர்விமானிகளுக்குக் கேப்டனின் இருக்கை காலியாகத் தெரிந்தது, துணை விமானி சாய்ந்து கிடந்தார். கடைசியில் பணியாளர் ஒருவர் விமானி அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அப்போது எரிபொருள் தீரும் நேரம். 121 பேரும் இறந்தார்கள். பிற்பாடு, இரண்டு எச்சரிக்கைக்கும் தனித்தனி விளக்கு வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் வைக்காதே என்று என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களிடம் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

*

அப்பாவுக்கு ஜன்னல் இருக்கை. முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். இடது கை ஆள்காட்டி விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டேன். கிளம்பும்போது 93.

"ஏண்டா, கண்ணாடில ஓட்டை இருக்குது?"

ஜன்னலின் கீழ்ப்பகுதியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும், பலர் பார்த்திருக்கலாம். மூன்று தகடு இருக்குதுங்கப்பா, நடுத் தகட்டில்தான் அந்தத் துளை, அழுத்தத்தை வெளித்தகடு தாங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள், வெளித்தகடு போனால் நடுத்தகடு தாங்கும் என்றேன். கவனமாகக் கேட்டார். "ஸ்டெப்னி மாதிரி" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் 89. பிறகு 88. அப்பாவுக்கு மூச்சு வாங்கவில்லை. முகத்தில் சோர்வு இல்லை. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுகிற அவர், பேச ஆரம்பித்தார்.

முதலில் மேகத்தைப் பற்றி. கார்டிங்கிலிருந்து வருகிற பஞ்சு இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு மில். காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், சொன்னேன். தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஸ்பின்னிங்குல மேல இருந்து தண்ணி பொகையாட்ட எறங்கிட்டே இருக்கும். நமக்குன்னு நெனச்சுக்காத. காத்து காஞ்சா நூலு அறுந்துரும். நூலுக்குத் தக்கன காத்து வெச்சாங்க. நாங்களும் அதையே இழுத்துக்கிட்டோம்."

87.

"எங்க டிபார்ட்மென்ட்ல அதுவும் இல்ல. தூசிதான். ஒண்ணு கேளு. திங்கக்கெழமையானா நெஞ்சு இறுக்கிப் புடிச்சுக்கும். ஞாயித்துக்கெழம லீவுல நல்லாத்தான் இருப்பேன். திங்கக்கெழம உள்ள போயி ரெண்டு மணி நேரத்துல கல்லைத் தூக்கி வெச்சாப்ல ஆயிரும். செவ்வா, புதன் ஆனா கொறஞ்சுரும். சூப்பர்வைசரு கேப்பான், நேத்து நல்லா ஊத்திக்கிட்டியான்னு. எல்லாத்துக்கும் அப்படித்தான் இருந்துது. எல்லாத்தயும் அதையேதான் கேப்பான்."

சிரித்தார். "நான் தொட்டதில்ல. உங்கம்மாவே கொஞ்ச வருசம் சந்தேகப்பட்டா. நீயும் நெனச்சிருப்ப."

நினைத்திருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலங்களில் அப்பா வந்ததும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். குடித்தால் மறுநாள் அப்படி இருக்கும் என்று பள்ளியில் ஒரு பையன் சொல்லியிருந்தான். இருபது வருடத்துக்கு மேல் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சரிபார்த்ததும் இல்லை. பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் முக்கியமான அடையாளம். இது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது.

86. பிறகு 85 காட்டியது. மறுபடி 86. ஒரு கணம் 84.

தலைக்கு மேல் ஆள் உருவம் போட்ட அந்தப் பட்டன் இருந்தது. கையை நீட்டினால் போதும். அப்பா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், சின்ன வயதில் என்னை மில் கேட்டுக்கு யாரோ தூக்கிக்கொண்டு வந்த கதையை. முதல் முறை பறக்கிற சந்தோஷமா, பேரனைப் பார்க்கப் போகிற சந்தோஷமா, 1875இல் அந்தப் பலூனில் இருந்தவர்களுக்கு வந்த சந்தோஷமா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவருக்கும் உள்ளிருந்து வித்தியாசம் தெரியாது. ஒரே ஹார்ன்.

நான் பட்டனை அழுத்தவில்லை. பணிப்பெண் வந்தால், குழாயை மாட்டினால், அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அது எனக்குத் தெரியும். 84, 85 என்று எத்தனை நிமிடம் இருந்தது என்று இப்போது நினைத்தால் சரியாகச் சொல்ல வரவில்லை. ஐந்து நிமிடமாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். அவ்வளவு நேரம் அவருடைய மூச்சில் கடன் வாங்கி நான் கதை கேட்டேன்.

டெல்லிக்கு இறங்கத் தொடங்கியதும் எண் ஏறியது. 88, 90. முன்னிருக்கைப் பையில் இருந்த காலித் தண்ணீர் பாட்டில் தானாக நெளிந்து ஒட்டிப்போனது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார், பேச்சும் நின்றது. தரையில் 93. தங்கை வீட்டுக் கதவைத் திறந்ததும், "அம்மிணி, கை கழுவிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார்.

*

அன்று இரவே டாக்டருக்கு போன் செய்து எல்லா எண்களையும் சொன்னேன். 84 என்றதும், "ஏன் கூப்பிடல?" என்றார். தூங்கிட்டேன் சார் என்றேன்.

திரும்பும்போது விமான நிறுவனத்துக்கு மருத்துவப் படிவம் கொடுத்து, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கைப்பை அளவுதான் இருக்கும். சுற்றியிருக்கும் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். பேரனைப் பார்த்தாகிவிட்டது, அப்பா மறுப்பு சொல்லவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷின் மூச்சுக்கு மூச்சு டிக் டிக் என்றது.

36,000 அடியில் 94. ஒரு மணி நேரம் கழித்தும் 94. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில், கீழே மேகம் அப்படியே பஞ்சாக இருந்தது. காட்டினேன். தலையை ஆட்டினார்.

"அப்பா, அந்தத் திங்கக்கெழமை விசயம் சொன்னீங்களே. அப்ப யாரும் டாக்டர்கிட்டப் போகலையா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார்.

கோவையில் இறங்கும்வரை வேறொன்றும் பேசவில்லை. நான் அவ்வப்போது அவர் விரலைத் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொண்டேன். ஒருமுறைகூடக் குறையவில்லை.